நம் பணம், நம் கணக்கு

நேயர்களே, தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழ்கின்ற நம்மவருள், அரசாங்கக் காரியாலயத்தின் சாளரத்தின் முன் வரிசையில் நின்று காத்திராதவர் மிகச் சிலரே ஆவர். பங்கீட்டு அட்டைக்காகவோ, பிள்ளையின் சான்றிதழுக்காகவோ, ஓய்வூதியத்துக்காகவோ நாம் நிற்கிறோம். அவ்வூரின் மொழி நம் மொழியன்று. ஆதலின் கோபம் வந்தாலும் அதனை எடுத்துரைக்க வாய் எழுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் அத்தகைய ஒரு வரிசையில், சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து கொத்து வேலை செய்துவந்த முதியவர் ஒருவர், தமக்கு வந்த கடிதத்தை நம்மிடம் கொடுத்துப் படித்துச் சொல்லும்படி வேண்டினார். அவருடைய விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று அதில் கண்டிருந்தது. அதனைத் தமிழிற் சொன்னோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “யார் பார்க்கிறாங்க, ஐயா?” என்று கேட்டார். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதில் எவர் பெயரும் இல்லை. கையெழுத்தும் இன்னார் உடையதென்று அறியக்கூடியதாக இல்லை.

அரசாங்கத்தின் ஆவணங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு அக்கேள்வி உறைத்தது. ‘முடிவு எடுக்கப்பட்டது’, ‘தொகை வழங்கப்பட்டது’, ‘பணி நிறைவேற்றப்பட்டது’ என்று எத்தனையோ வாக்கியங்களை நாம் நாள்தோறும் தமிழாக்கி வருகிறோம். அவற்றில் வினை உண்டு; வினைமுதல் இல்லை. பணி நிறைவேறாதபோது மக்கள் கோபங்கொள்கின்றனர். அக்கோபத்தை யாரிடம் காட்டுவதென அறியாமையால் அது சில நாளில் அடங்கிப்போகிறது. அன்றியும், சில வேளைகளில் கல்லெறிதலாக முடிந்து, குற்றமற்ற ஒரு பேருந்தின் கண்ணாடியை உடைப்பதோடு தீர்கிறது. இங்ஙனம் வீணாகாமல், பொறுமையோடு கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்ட ஒரு கோபத்தின் வரலாற்றை இங்குக் கூற விழைகிறோம். அது நிகழ்ந்த இடம் இராஜஸ்தானம்.

கணக்குக் கேட்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. அவ்விதிகளுள் ஒன்று, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பதாகும். அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. அச்சபை பிரமதேயத்து நிலவுடைமையாளரின் சபையே. உழுது உழைத்தவருக்கு அதில் இடமில்லை என்பதையும் மறத்தலாகாது. எனினும், பொதுப்பணத்தைக் கையாண்டவன் கணக்குக் காட்டவேண்டும் என்னும் கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டிருந்தது.

சுதந்திர இந்தியாவிலும் பொறுப்பேற்றலுக்கு உயர்ந்த சான்று உண்டு. 1956 செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து இரயில் விபத்து நேர்ந்தது. அப்போது இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் அரியலூரை அடுத்த மருதையாற்றில் வெள்ளம் பெருகிப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் தந்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது. அச்செயலை நாடு இன்றும் போற்றுகிறது. ஆயினும் அமைச்சர் ஒருவர் விலகுவது அவருடைய மனச்சான்றைப் பொறுத்தது. அதனைக் கேட்டுப் பெறும் உரிமை, அரியலூரில் உறவினரை இழந்தவர்க்கு இருந்ததில்லை. பெருந்தன்மை உடையவர் பதவியில் இல்லாத காலத்தில் மக்கள் என் செய்வது?

அதற்கு விடை தேடுவோர் முதலில் ஒரு பெரும் பூட்டை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆங்கில ஆட்சி 1923இல் இயற்றிய அரசாங்க இரகசியச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னரும் நீடித்தது. ஒற்றரையும் பகைவரையும் எண்ணி எழுதப்பட்ட அச்சட்டத்தின் நிழல், கிராமத்துக் கிணற்றுக் கணக்கின்மீதும் விழுந்தது. தரலாகாது என்று சட்டம் கூறாத காகிதத்தையும் தர அஞ்சும் பழக்கம் காரியாலயங்களில் ஊறிப்போயிற்று. அரசாங்கத்தின் பொதுச் செயல்களை அறிய மக்களுக்கு உரிமையுண்டு என்று உச்ச நீதிமன்றம் 1975இல் இராஜ் நாராயண் வழக்கில் கூறியது. ஆயினும், கிராமத்திலிருந்து ஒருவன் சென்று ஒரு காகிதத்தைக் கேட்டுப் பெறுவதற்கான வழி அத்தீர்ப்பில் இல்லை.

1987ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்தைக் கடும் வறட்சி வாட்டியது. அவ்வாண்டில் இராஜசமந்த் பகுதியைச் சேர்ந்த தேவ்டூங்ரி என்னும் சிற்றூரில், ஒரு சிறு மண் வீட்டில் மூவர் குடிபுகுந்தனர். அவர்களுள் ஒருவர் அருணா ராய். 1946இல் சென்னையில் பிறந்து, தில்லியில் வளர்ந்த அவர், 1968இல் இந்திய ஆட்சிப் பணியிற் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதனைத் துறந்தவர். மற்ற இருவர் நிகில் டேயும் சங்கர் சிங்கும் ஆவர். சங்கர் சிங் அப்பகுதியிலேயே பிறந்தவர். பொம்மலாட்டத்தாலும் பாட்டாலும் கதையாலும் மக்களைக் கூட்டிப் பேச வல்லவர்.

அப்பகுதியில் நிலம் வறண்டது. ஆடவர் பலர் வெளியூர்களுக்குப் பிழைக்கச் செல்வர். எஞ்சியவர், பெரும்பாலும் பெண்கள், வறட்சி நிவாரணப் பணிகளில் குளம் வெட்டியும் சாலை போட்டும் கூலி பெறுவர். அக்கூலி சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாயிருந்தது. நிவாரணப் பணியாயினும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தல் கட்டாய வேலைக்கு ஒப்பாகும் என்று, இராஜஸ்தானத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு இருந்தும் கூலி வரவில்லை. கேட்டால், “நீங்கள் வேலை செய்யவில்லை, அளவு அவ்வளவுதான்” என்று விடை வந்தது.

இவ்விடையின் பின்னுள்ள சூழ்ச்சியை நேயர்கள் அறிதல் வேண்டும். வேலைக்கு வந்தவர் பெயரெல்லாம் ‘மஸ்டர் ரோல்’ எனப்படும் வருகைப் பதிவேட்டில் எழுதப்படும். தோண்டிய மண்ணை மொத்தமாக அளந்து, பதிவேட்டிலுள்ள பெயர்களுக்குப் பங்கிடுவர். இருபது பேர் தோண்டிய மண் முப்பது பெயருக்குப் பங்கிடப்பட்டால், உண்மையில் உழைத்தவர் ஒவ்வொருவரும் சோம்பேறியாகத் தோன்றுவர். பொய்ப்பெயர் பத்துக்கும் உரிய கூலி எவரோ ஒருவரின் பையிற் சேரும். களவு போனது கூலி மட்டுமன்று. உழைத்தோம் என்னும் நற்பெயரும் களவு போயிற்று. இதனை மெய்ப்பிக்க ஒரே வழி, அப்பதிவேட்டைப் பார்ப்பது. கேட்டபோது, அது அரசாங்க இரகசியம் என்று மறுத்தனர். தன் பெயர் எழுதிய ஏட்டைத் தான் பார்க்கலாகாது என்பதைக் கேட்டபோதுதான் அக்கூலிப் பெண்களின் கோபம் ஒரு முனைப்பட்டது எனலாம்.

1990ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், பீம் என்னும் ஊரில், ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்’ என்னும் உழைப்பாளர் உழவர் அமைப்புத் தொடங்கப்பெற்றது. உண்ணாவிரதமும் மறியலும் நடந்தன. ஓரிடத்தில் கூலி கிடைத்தால் மற்றோரிடத்தில் கிடைக்கவில்லை. ஆகவே கூலியைக் கேட்பதோடு நில்லாது, கணக்கையே கேட்பதென முடிவு செய்தனர். ‘நம் பணம், நம் கணக்கு’ என்னும் பொருள்பட அவர்கள் இந்தியில் எழுப்பிய முழக்கமே இப்பேச்சின் தலைப்பாயிற்று.

1994ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. ‘ஜன் சுன்வாய்’ என்பது அதன் இந்திப் பெயர். அனுதாபமுள்ள அதிகாரி சிலரின் துணையாற் கிடைத்த பதிவேடுகளும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. இன்ன நாளில், இன்ன வேலைக்கு, இன்னார் கூலி பெற்றார் என்று படித்தவுடன், அப்பெயருடையவரே எழுந்து ஆம் என்றோ இல்லை என்றோ கூறுவார். இவ்வாறு ஊர் ஊராக நிகழ்ந்த விசாரணைகளில் செத்தவர் கூலி பெற்றிருப்பதும், ஊரைவிட்டே போனவர் மண் சுமந்திருப்பதும், முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கெழுதப்பட்டிருப்பதும் வெளிப்பட்டன.

இவ்விசாரணையில் நீதிபதி இல்லை, தண்டனையும் இல்லை. அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் அழைப்பு அனுப்பப்பட்டது. அவர்கள் தம் பக்கத்தைக் கூற நேரமும் இருந்தது. எழுத்தறியாப் பெண் ஒருத்தி, படித்த உத்தியோகஸ்தரை நோக்கி, “நான் அந்த மாதம் பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்தேன்; என் கைநாட்டு இதில் எப்படி வந்தது?” என்பதுபோலக் கேட்கும்போது, அதற்கு மேலும் ஒரு வழக்கறிஞர் வேண்டியதில்லை. கிராம சேவகர்கள் சங்கமாகக் கூடி, மக்களிடம் கணக்கைக் காட்ட முடியாது என்று எதிர்த்தனர். பிற்காலத்தில், ஊராட்சித் தலைவர் சிலர் எடுத்த பணத்தை ஊரார் அறியத் திருப்பிக் கட்டியதும் உண்டு.

1995 ஏப்ரல் 5ஆம் நாள், முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில், ஊர்ப் பணிகளின் ஆவணங்களை மக்கள் பணம் கட்டிப் படியெடுத்துக் கொள்ளலாம் என்று அறிவித்தார். மறுநாட் செய்தித்தாளில் அது வெளிவந்தது. ஆனால் அந்த அறிவிப்பைக் கையிற்கொண்டு காரியாலயம் சென்றவர்களுக்கு, “எமக்கு உத்தரவு வரவில்லை” என்றே விடை கிடைத்தது. ஓராண்டு கழிந்தது. 1996 ஏப்ரல் 6ஆம் நாள், பியாவர் நகரத்துச் சாங் வாயிலில் தர்ணா தொடங்கிற்று. பார்வையிடலாம், ஆனால் படியெடுத்தல் கூடாது என்னும் அளவில் ஓர் ஆணை வந்தது. அதனை அவர்கள் ஏற்கவில்லை. காகிதம் கையில் இல்லாவிடில் ஊரார் முன் எதனைப் படிப்பது?

தர்ணா நாற்பது நாள் நடந்தது. அறுவடைக் காலமாயினும் கிராமத்தார் தானியமும் ஆளும் அனுப்பினர். சந்தைக் கடைக்காரர்கள் காய்கறி தந்தனர்; பணம் தந்தோரும் உண்டு. கூலிக்காரரின் வழக்காகத் தொடங்கிய ஒன்று, நகரத்தார் வழக்காகவும் மாறியது அங்கேதான். தில்லியிலிருந்து குல்தீப் நய்யார், நிகில் சக்கரவர்த்தி, பிரபாஷ் ஜோஷி முதலிய பத்திரிகையாளர்கள் ஆதரவு தந்தனர். அவ்வாண்டிலேயே மக்களின் தகவல் உரிமைக்கான தேசிய இயக்கம் உருவாயிற்று, நீதியரசர் பி. பி. சாவந்த் தலைமையில் இந்தியப் பத்திரிகை மன்றமும் ஒரு சட்ட வரைவைத் தயாரித்தது.

அடுத்து நிகழ்ந்ததைக் கூறாவிடில் இவ்வரலாறு நிறைவுறாது. 1997இல் தலைநகர் ஜெய்ப்பூரில் ஐம்பத்து மூன்று நாள் தர்ணா நடைபெற்றது. அதன் முடிவில், படியெடுக்கும் உரிமையை வழங்கும் அறிவிக்கை ஆறு மாதங்களுக்கு முன்னரே அரசிதழில் வெளியாகிவிட்டது என்று துணை முதலமைச்சர் தெரிவித்தார்! தகவல் பெறும் உரிமையைத் தந்த தகவலே மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அரசிதழோடு நாள்தோறும் பழகும் நாம் இதனைக் கேட்டுச் சிரித்ததுண்டு. எனினும் ஐம்பத்து மூன்று நாள் வெயிலில் அமர்ந்திருந்தவர்களை எண்ணும்போது அச்சிரிப்பு நெடுநேரம் நிற்பதில்லை.

இதற்குள் நாட்டின் பிற பகுதிகளும் விழித்துக்கொண்டன. தகவல் உரிமைக்கென முதலிற் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்பது நம்மவர் அறியத்தக்கது. 1997இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தில் விலக்குகள் மிகப் பல. ஆதலின் அதன் பயன் சிறிதே. இராஜஸ்தானம் 2000ஆம் ஆண்டிலும், தில்லி 2001ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றின. தில்லியின் சுந்தர் நகரியில் ‘பரிவர்த்தன்’ என்னும் அமைப்பினர் அச்சட்டத்தைக் கொண்டு சாலைப்பணிக் கணக்குகளைப் பெற்று, 2002 டிசம்பரில் மக்கள் விசாரணை நடத்தினர். பாராளுமன்றம் 2002இல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. இறுதியில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று, அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தில் நாம் கருதத்தக்க பகுதிகள் சில உள. ஏன் கேட்கிறாய் என்று விண்ணப்பிப்பவரை வினவ அதிகாரிக்கு உரிமை இல்லை. முப்பது நாளில் விடை தரவேண்டும்; உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தரவேண்டும். விடை வாராவிடில் அக்காரியாலயத்தின் மேலதிகாரியிடமும், அதன் பின் தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு; அது பொறுப்பான அலுவலர்மீது விதிக்கப்படுவது. வினைமுதல் இல்லாத வாக்கியங்களுக்கு இச்சட்டம் ஒரு வினைமுதலைத் தேடித் தந்தது என்பது மொழிபெயர்ப்பாளராகிய எம் மகிழ்ச்சி.

எல்லாம் நன்றே முடிந்ததென்று கூறுவோமாயின் அது பொய்யாகும். கேள்வி கேட்டவர்களுட் சிலர் தாக்கப்பட்டனர். சிலர் உயிரையே இழந்தனர். கிர் வனப்பகுதியில் நடந்த சுரங்க வேலை பற்றித் தகவல் திரட்டி வழக்குத் தொடுத்த அமித் ஜேட்வா, 2010 ஜூலையில் அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் ஆணையர் இடங்கள் நிரப்பப்படாமல் முறையீடுகள் தேங்கியதும் உண்டு. ஆணையர்களுக்குச் சட்டமே வகுத்திருந்த பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே வரையறுக்கலாம் என 2019இல் திருத்தம் செய்யப்பட்டது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, தனிமனிதத் தகவல் பற்றிய விலக்கு விரிவாக்கப்பட்டது. பதிவேட்டிலுள்ள பெயரே தனிமனிதத் தகவல் என்று கூறி மறைக்கப்படுமாயின், கோட் கிரானாவில் எதனைப் படித்திருக்க முடியும் என்று இவ்வியக்கத்தார் கேட்கின்றனர். அக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. மற்றொரு புறம், 2019 செப்டம்பரில் இராஜஸ்தான அரசு ‘ஜன் சூச்னா’ என்னும் இணையத்தளத்தைத் தொடங்கி, எவரும் கேளாமலே பல திட்டங்களின் கணக்குகளைக் காணும்படி வெளியிட்டது. 1994இல் இரகசியம் எனப்பட்ட விவரங்களுள் பல இன்று வீட்டிலிருந்தே பார்க்கத்தக்கனவாயின.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாற்றினால் என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். இவ்வுரிமை குடிமக்கள் அனைவர்க்கும் உரியது. பிறந்த மாநிலத்தார்க்கு மட்டும் உரியதன்று. விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அவ்வட்டாரத்தின் ஆட்சிமொழியிலோ எழுதலாம். ஆதலின் தமிழகத்துக் காரியாலயத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். தில்லியிலோ மும்பையிலோ உள்ள காரியாலயத்துக்கு அது செல்லாது. ஆயினும் எழுத இயலாதவர் வாயாற் கூறுவதை எழுத்தில் வடிக்க உதவுவது அக்காரியாலயத்துத் தகவல் அலுவலரின் கடமை என்று சட்டம் கூறுகிறது. மத்திய அரசின் காரியாலயங்களுக்குக் கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்க்கு அதுவும் இல்லை. நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் இசை விழாவும் நடத்துவதோடு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இத்தகைய விண்ணப்பங்களை எழுதித் தரவும் ஒரு மேசை போடுமாயின், கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்துள்ள நம்மவர் பலருக்கு அது பேருதவியாகும்.

அம்முதியவருக்கு அன்று நாம் விடை கூறவில்லை. தெரியவில்லை என்று மட்டும் சொல்லிக் கடிதத்தைத் திருப்பித் தந்தோம். அவர் மீண்டும் வரிசையிற் போய் நின்றார். பின்னர் இவ்வரலாற்றைப் படித்தபோதுதான், அவர் கேட்டது சட்டப்படி விடை பெறத்தக்க கேள்வி என்பதை உணர்ந்தோம். தம் விண்ணப்பம் எந்த அலுவலரிடம், எந்த நாள் முதல் உள்ளது என்று அவர் பத்து ரூபாயிற் கேட்டிருக்கலாம். அதனை எழுதித் தர அன்று நமக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்று தெரியும், இதனைப் படிக்கும் நேயர்களுக்கும் தெரியும். அடுத்த முறை வரிசையில் ஒருவர் நம்மிடம் ஒரு கடிதத்தை நீட்டுவாராயின், படித்துச் சொல்வதோடு நில்லாது, ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்வோமாக.